தேநீர் வந்த வழி – 17: ஒசாகா சாம்பலும் பொன் கோடும்

சென்ற வாரம் ரிக்யூவின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1591இல், ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் ஆணைப்படி அந்தத் தேநீர் ஆசான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார். அடுத்த 24 ஆண்டுகளுக்குள் ஆணையிட்டவரும் போனார், அவர் வம்சமும் அழிந்தது. இந்த வாரக் கதை அந்த வம்சம் எரிந்த சாம்பலில் தொடங்குகிறது.

1615 ஜூன் தொடக்கம். தொகுகாவா இயேயாசுவின் படை ஒசாகா கோட்டைக்குள் புகுந்தது. ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரியும் அவருடைய தாயும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கோட்டை எரிந்து விழுந்தது. ஜப்பானில் இனி இயேயாசுவை எதிர்க்க ஆளில்லை. வெற்றிக்குப் பின் அவர் இட்ட கட்டளைகளில் ஒன்று, தேநீர் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. நாரா நகரத்து மெருகுக் கலைஞர் ஃபுஜிஷிகே தோகெனையும் அவர் மகன் தோகனையும் வரவழைத்தார். கோட்டையின் இடிபாடுகளைத் தோண்டி, உள்ளே சிக்கிக்கிடக்கும் தேயிலைத்தூள் சிமிழ்களின் சில்லுகளைப் பொறுக்கி எடுக்கச் சொன்னார்.

தகப்பனும் மகனும் எடுத்துக் கொடுத்த சிமிழ்களில் ஒன்றின் பெயர் ‘த்சுகுமோ’. கத்தரிக்காய் வடிவம்; உள்ளங்கையில் அடங்கிவிடும். சீனாவில் செய்யப்பட்டது. அஷிகாகா ஷோகன்களிடம் இருந்து, பிறகு தேநீர் ஆசான் முராதா ஜூகோவின் கைக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1568இல் மத்சுநாகா ஹிசாஹிதே என்ற பிரபு, ஓதா நொபுநாகாவுக்குப் பணிந்ததற்கு அடையாளமாக அதைக் காணிக்கை வைத்தார். நொபுநாகா மாண்ட பின் ஹிதேயோஷியிடம் போயிற்று. ஒரு நாட்டின் ஆட்சி கைமாறும்போதெல்லாம் கூடவே கைமாறிய சிமிழ் அது. அரசின் முத்திரை எங்கே என்று தேடுவதுபோலத்தான் இயேயாசு அதைத் தேடினார்.

ஃபுஜிஷிகே தகப்பனும் மகனும் சில்லுகளைப் பொருத்தி ஒட்டினார்கள். இல்லாத இடத்தை இட்டு நிரப்பினார்கள். எரிந்துபோன மெருகின் நிறத்தையும் வழிசலையும் அப்படியே மீட்டுக் கொடுத்தார்கள். வேலையைப் பார்த்து அசந்துபோன இயேயாசு, த்சுகுமோவைத் தகப்பனுக்கும், கூடவே சரியாக்கப்பட்ட ‘மத்சுமோதோ’ என்ற சிமிழை மகனுக்கும் பரிசாகவே கொடுத்துவிட்டார். இரண்டும் அந்தக் குடும்பத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தன. 1876இல் மிட்சுபிஷி நிறுவனத்தைத் தொடங்கியவரின் தம்பி இவாசாகி யானொசுகே, அண்ணனிடம் கடன் வாங்கி அவற்றை விலைக்கு எடுத்தார். இன்று இரண்டும் தோக்கியோவின் செய்காதோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

பிற்காலத்தில் இவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே சில்லு சில்லாக உடைந்த மண் உடல் தெரிந்தது. சூளையில் ஏறிய மெருகு என்று எல்லோரும் ரசித்துவந்த மேற்பரப்பு, பெரும்பாலும் ஃபுஜிஷிகேயின் கைவேலை. மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கண்ணுக்கும் பிடிபடாத ஒட்டு அது.

கின்ட்சுகி என்றால் உடைந்த கோட்டில் பொன்னை இட்டுப் பளிச்சென்று காட்டுவது என்றுதான் இன்று உலகம் அறிந்திருக்கிறது. அந்தக் கலையின் ஆதாரமான கைத்திறனோ, ஒட்டு இருப்பதே தெரியாமல் மறைக்கும் அளவுக்கு வல்லது. மறைக்கத் தெரிந்தவர்கள் ஏன் காட்டத் தொடங்கினார்கள்? இந்த அத்தியாயத்தின் கேள்வி அதுதான்.

மரத்துப் பால்

முதலில் பசையைப் பார்த்துவிடுவோம். பொன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் பசையை மறந்துவிடுகிறார்கள்.

அதன் பெயர் உருஷி. நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. உருஷி ஒரு மரத்தின் பால். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்து மரம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும், முந்திரிக்கொட்டைத் தோலை உடைத்துக் கை பொசுங்கியவர்களுக்கும் உருஷியின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. பச்சையாகத் தோலில் பட்டால் அரித்துத் தடித்துக் கொப்புளம் கிளம்பும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் தொடக்கத்தில் இதைப் பட்டே தீர வேண்டியிருக்கிறது. இறுகிய பின் அந்த நஞ்சு போய்விடும். வெந்நீர், அமிலம், காரம் எதற்கும் அசையாத தோலாகிவிடும். வெயில் ஒன்றுதான் அதற்கு ஆகாது.

உருஷிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சாயமும் வார்னிஷும் காற்றில் ஈரம் குறைந்தால் சீக்கிரம் உலரும். உருஷி ஈரக் காற்றில்தான் இறுகும். பாலுக்குள் இருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து ‘உருஷியோல்’ என்ற எண்ணெயைக் கெட்டிப்படுத்துகிறது. அந்த நொதி வேலை செய்ய வெதுவெதுப்பும், 70 முதல் 85 சதவீதம் வரை ஈரப்பதமும் வேண்டும். ஜப்பானிய வேதியியலாளர் யோஷிதா ஹிகொரொகுரோ 1883இல் இந்த நொதியின் வேலையை விவரித்தார். லாக்கேஸ் என்று இன்று உலகம் முழுக்க வழங்கும் நொதி முதன்முதலில் அறியப்பட்டது உருஷிப் பாலிலிருந்துதான். கலைஞர்கள் இந்த வேதியியல் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே உள்ளே ஈரத்துணி விரித்த மர அலமாரியில் பாத்திரங்களை வைத்து மூடிவந்தார்கள்.

ஜப்பானியருக்கு இந்தப் பாலோடு உள்ள பழக்கம் தேநீரைவிட எத்தனையோ மடங்கு பழையது. ஹொக்கைதோ தீவின் காகினோஷிமாவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழியில் உருஷி பூசிய பொருள்கள் கிடைத்தன. உடைந்த மண்பாண்டங்களை உருஷியால் ஒட்டிப் பயன்படுத்திய சான்றுகளும் ஜோமோன் எனப்படும் அந்தத் தொல்காலத்திலிருந்தே உண்டு. ஹெய்யான் காலத்தில் இன்னொரு திறனும் கைவந்தது. காயாத உருஷியில் கோடு வரைந்து, அதன்மேல் பொன்பொடியைத் தூவிப் பிடிக்கவைக்கும் மாகி-எ என்ற வேலை. பெட்டி, தட்டு, சேணம் என்று எல்லாவற்றிலும் பொன்னில் பூவும் புல்லும் பூத்தன.

ஆக, உடைந்ததை உருஷியால் ஒட்டுவது ஒரு பழக்கம். உருஷியின்மேல் பொன் தூவுவது இன்னொரு பழக்கம். இரண்டும் பல நூறு ஆண்டுகள் ஒரே நாட்டில், பல இடங்களில் ஒரே கைகளில் இருந்தன. அவை ஒன்றுசேரத் தேநீர் அறை வர வேண்டியிருந்தது.

வெட்டுக்கிளிக் கிண்ணம்

கின்ட்சுகி பிறந்த கதை என்று எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டு ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் ஓர் அருமையான சீனக் கிண்ணம் இருந்தது. அது விரிசல் விட்டது. சீனாவுக்கு அனுப்பினார். அங்கே உலோகக் கவ்வுகளை அடித்துத் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அது கண்ணுக்கு அசிங்கமாகப்பட்டதால், உள்ளூர்க் கலைஞர்கள் அழகான வழியைத் தேடினார்கள். பொன் ஒட்டு பிறந்தது. இதுதான் கதை.

அந்தக் கிண்ணம் இன்றும் இருக்கிறது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். சீனாவின் லோங்சுவான் சூளையில் வெந்த, மழைக்குப் பின் தெளிந்த வானத்தின் நீலம் கலந்த பச்சைப் பீங்கான். ஆறு இதழ்ப் பூவைப் போல விளிம்பு லேசாக உள்வாங்கியிருக்கும். அதன் அடிப்பகுதியில் அந்த உலோகக் கவ்வுகள் இன்னமும் அப்படியே இருக்கின்றன. பொன் ஒரு துளி கிடையாது. கவ்வுகள் வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவதால் ‘பாகோஹன்’ என்று பெயர் வைத்து அந்தக் கவ்வுகளையே கொண்டாடினார்கள்.

1727இல் இதோ தோகாய் என்ற கன்பூசிய அறிஞர் எழுதிவைத்த குறிப்புதான் இந்தக் கிண்ணத்தைப் பற்றிய கதைக்கு ஆதாரம். அதில் யோஷிமாசா அதைச் சீனாவுக்கு அனுப்பியது பழுது பார்க்க அல்ல; இதைப் போல இன்னொன்று கேட்டு. மிங் காலச் சீனாவில் அந்தத் தரத்தில் இனிச் செய்ய ஆளில்லை என்பதால், உள்ளதையே கவ்வு போட்டு அனுப்பினார்களாம். 12ஆம் நூற்றாண்டுப் பிரபு தாய்ரா ஷிகெமோரிக்குச் சீனத் துறவி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கிண்ணம் இது என்றும் அக்குறிப்பு சொல்கிறது. ஷிகெமோரி இறந்தது 1179இல். கிண்ணத்தை ஆராய்ந்தவர்கள் அதை 13ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். கதையின் அந்தப் பகுதி நிற்காது.

இந்தக் கிண்ணம் கின்ட்சுகியின் தாய் அல்ல என்பது என் துணிபு. கவ்வு பிடிக்காமல் பொன்னைத் தேடினார்கள் என்றால், அந்தக் கவ்வுக்கு ஏன் பெயர் வைத்துப் போற்றினார்கள்? ஆனால் வேறொரு விதத்தில் அது நமக்கு முக்கியமான சாட்சி. பழுது பார்த்த தழும்பையே பொருளின் அடையாளமாக ஏற்று, அதற்கு ஒரு பெயரும் வைத்துப் பாதுகாக்கும் மனம் அங்கே உருவாகிவிட்டது. பொன் அதற்குப் பிறகுதான் வருகிறது.

உடைசலுக்கு மதிப்பு வந்த கதை

அந்த மனத்தை வளர்த்தவர்கள் யார் என்பதைக் கடந்த சில வாரங்களாகப் பார்த்துவருகிறோம். ஜூகோ, ஜோஓ, ரிக்யூ என்று வந்த வாபி மரபினர். குறையே இல்லாத சீனப் பீங்கானை விட்டு, கொரியாவின் முரட்டுக் கிண்ணத்தையும் உள்ளூர் மண்ணையும் கையில் எடுத்தவர்கள்.

ரிக்யூவைப் பற்றி 1701இல் வெளிவந்த ஒரு தேநீர்க் குறிப்பு நூலில் இந்தச் சம்பவம் வருகிறது. சகாய் நகரத்துக்காரர் ஒருவரிடம் ‘உன்சான்’ என்ற சிமிழ் இருந்தது. பெருமையோடு ரிக்யூவை அழைத்துக் காட்டினார். ரிக்யூ அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர் போனதும், ‘இதை வைத்துக்கொண்டு என்ன பயன்’ என்று உரிமையாளர் அடுப்பின் இரும்பு முக்காலியில் அடித்து உடைத்துவிட்டார். கூட இருந்த ஒருவர் சில்லுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தாமே ஒட்டினார். பிறகு ஒரு நாள் அதே சிமிழை வைத்து ரிக்யூவுக்குத் தேநீர் கொடுத்தார். ரிக்யூ பார்த்தார், இப்போதுதான் இது நன்றாக இருக்கிறது என்றார்.

கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் கியோகோக்கு என்ற பிரபு பெரும் விலை கொடுத்து அதை வாங்கினார். ஒட்டு கோணல்மாணலாக இருக்கிறதே, பிரித்துச் சீராக ஒட்டலாமா என்று கோபோரி என்ஷூவிடம் கேட்டார். என்ஷூ அந்தக் காலத்தின் பெரிய தேநீர் ஆசான். அந்தப் பொருந்தாத ஒட்டுக்காகத்தான் ரிக்யூ இதை மெச்சினார், அதனால்தான் இதற்குப் பெயர், தொடாமல் விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ரிக்யூ இறந்து 110 ஆண்டு கழித்து அச்சேறிய சம்பவம் இது. நடந்தது அப்படியேதானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 1701இல் தேநீர் உலகம் எதைப் பாடமாகக் கற்பித்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இன்னொரு கிண்ணம், கொரியாவில் செய்த ‘இதோ’ வகைக் கிண்ணம். த்சுத்சுய் ஜுன்கேய் என்ற பிரபு ஹிதேயோஷிக்குக் கொடுத்தது. ஒரு விருந்தில் பணிசெய்த சிறுவன் அதைத் தவறவிட்டான். ஐந்து துண்டாகிவிட்டது. ஹிதேயோஷிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதை ரிக்யூவின் கதையில் பார்த்தோம். அவையே உறைந்துபோனது. அங்கே இருந்த ஹொசொகாவா யூசாய் போர்வீரர், பெரும்புலவர். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பழைய காதல் பாட்டைத் திருப்பிப் போட்டு, கிண்ணம் ஐந்தான பழி என்னைச் சேரட்டும் என்ற பொருள்பட அந்தக் கணமே ஒரு வேடிக்கைப் பாட்டுக் கட்டினார். ஹிதேயோஷி சிரித்துவிட்டார். பையன் பிழைத்தான். கிண்ணம் ஒட்டப்பட்டது. பாட்டிலிருந்தே ‘த்சுத்சுய்-த்சுத்சு’ என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. இன்று அது ஜப்பான் அரசு அறிவித்த முக்கியப் பண்பாட்டுச் சொத்து.

இந்த மூன்று பொருள்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தேநீர்க் கிண்ணம் உடைந்தது யார் கையில், யார் முன்னிலையில், அப்போது யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்தக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டிமேல் பெயர் எழுதி, அடுத்தடுத்த உரிமையாளர்கள் தங்கள் சாட்சியையும் சேர்த்து எழுதிவைக்கும் உலகம் அது. அப்படிப்பட்ட இடத்தில் உடைந்த கோட்டை மறைத்தால், அந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்ததாகிவிடும். மறைக்கத் தெரிந்த கைகள் காட்டத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அதே 1615

ஒசாகா எரிந்த அதே ஆண்டு இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

ரிக்யூவின் மாணவர் ஃபுருதா ஓரிபே, இயேயாசுவுக்கு எதிராகச் சதிசெய்தார் என்ற குற்றச்சாட்டில் தற்கொலைக்கு ஆளாக்கப்பட்டார். கோணலும் வளைசலுமான பாத்திரங்களை விரும்பிய மனிதர். அவர் பெயரோடு சேர்ந்து வரும் கிண்ணம் ஒன்று உண்டு. கொரியக் கிண்ணம் ஒன்று கைக்குப் பெரிதாக இருக்கிறது என்று அதைச் சிலுவைபோல் நான்காக வெட்டி, ஓரங்களைக் குறைத்து, சிறிதாக்கி மறுபடி ஒட்டவைத்தாராம். ‘ஷூமி’ என்றும் ‘ஜூமோன்ஜி’ என்றும் பெயர் கொண்ட அந்தக் கிண்ணம் தோக்கியோவின் மிட்சுய் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒட்டுக் கோடுகள்தான் அதன் முகம்.

இரண்டாவது: ஹொன்அமி கோயெத்சு என்ற கியோத்தோக்காரருக்கு, நகரின் வடக்கே தகாகாமினேயில் இயேயாசு நிலம் கொடுத்தார். கோயெத்சு வாளைத் தீட்டி மதிப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்தழகு, உருஷி வேலை, மண் வேலை மூன்றிலும் பெயர் பெற்றவர். தேநீரில் ஓரிபேயிடம் பயின்றவர். உறவினரும் கைவினைஞர்களுமாக ஒரு கூட்டம் அவரோடு தகாகாமினேயில் குடியேறியது. அவர் கையால் பிடித்த ராக்கு கிண்ணங்களில் ஒன்று சூளையில் வெந்தபோதே பிளந்துவிட்டது. விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பெரிய பிளவு. வேறொருவராக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். கோயெத்சு பிளவை உருஷியால் நிரப்பிப் பொன் பூசி வைத்துக்கொண்டார்.

உருண்டையான செம்மண் உடல். மேலிருந்து வழியும் வெள்ளை மெருகு, மலையுச்சியில் தங்கிய பனிபோல. அதற்கிடையே இறங்கும் பொன் கோடு, உருகி ஓடும் பனிநீர். ‘செப்போ’, பனிமுடி என்று பெயர். தோக்கியோவின் ஹதகெயாமா அருங்காட்சியகத்தில் உள்ள இதுவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துதான்.

செப்போவின் இடம் வரலாற்றில் தனியானது. மற்றக் கிண்ணங்கள் உபயோகத்தில் உடைந்து, வேறொருவர் ஒட்டியவை. இது பிறக்கும்போதே பிளந்து, செய்தவரே பொன்னிட்டு முடித்த கிண்ணம். பழுது பார்ப்பது இங்கே படைப்பின் கடைசிப் படி ஆகிவிட்டது. பொன் ஒட்டை முதலில் கண்டுபிடித்தவர் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோட்டைக் கலையாக நிலைநாட்டிய ஒரு கிண்ணத்தைக் காட்டு என்று கேட்டால் நான் செப்போவைத்தான் காட்டுவேன்.

கோடு விழும் விதம்

பொன்னை உருக்கி ஊற்றுகிறார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உருக்கிய பொன் மண் கிண்ணத்தில் ஒட்டாது. உண்மையில் நடப்பது இது.

உடைந்த ஓரங்களை முதலில் லேசாக அராவி, பச்சை உருஷியைத் தடவித் துடைத்து ஊறவிடுவார்கள். பிறகு கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதில் உருஷியைச் சேர்த்து இழை இழுக்கும்வரை குழைப்பார்கள். ‘முகி-உருஷி’ என்ற அந்தப் பசையை இரண்டு ஓரங்களிலும் மெல்லிசாகத் தடவி, சற்று இறுகவிட்டு, சில்லுகளை அழுத்திச் சேர்த்துக் கட்டி, ஈர அலமாரியில் வைப்பார்கள். ஒட்டிய இடம் நன்றாகப் பிடிக்க ஒன்றிரண்டு வாரத்துக்கு மேலாகும்.

சில்லு தொலைந்துபோய் ஓட்டை விழுந்த இடத்தில் மரத்தூளும் உருஷியும் கலந்த களிம்பை அடுக்கடுக்காக வைப்பார்கள். ஒரே நேரத்தில் தடிமனாக வைத்தால் மேலே இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். சிறு பள்ளங்களுக்கு நுண்ணிய களிமண் பொடியைக் குழைத்த உருஷி. ஒவ்வொரு அடுக்கும் இறுகியதும் தேய்த்துச் சமன்செய்து அடுத்ததைப் போட வேண்டும். விரலால் தடவினால் கிண்ணம் எங்கே முடிகிறது, ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அதன்மேல் கறுப்பு உருஷிப் பூச்சு. மரக்கரியால் நீரில் தேய்த்து வழவழப்பு. ஃபுஜிஷிகே தகப்பனும் மகனும் ஏறக்குறைய இந்த இடத்தில் நின்று, பொன்னுக்குப் பதில் பழைய மெருகின் நிறங்களைத் தீட்டியிருக்க வேண்டும்.

பொன் வேண்டுமென்றால் கடைசி நாள் வேலை பாக்கி. நீண்ட மெல்லிய தூரிகையால் உடைசல் கோட்டின் மேல் சிவப்பு உருஷியை ஒரே சீராக இழுப்பார்கள். கோடு தடித்தால் காய்ந்ததும் சுருங்கும்; மெலிந்தால் பொன் பிடிக்காது. அது பாதி இறுகி, விரல் நுனியில் லேசாக ஒட்டும் பதம் வரும்போது, பட்டுப் பஞ்சில் பொன்பொடியைத் தொட்டு மெல்லத் தட்டி ஒற்றுவார்கள். பதம் தவறி முன்னாலேயே தூவினால் பொன் உள்ளே அமிழ்ந்து மங்கிவிடும், பிந்தினால் உதிர்ந்துவிடும். இறுகிய பின் வழவழப்பான கல்லாலோ கடல்மீன் பல்லாலோ தேய்த்து ஒளியேற்றுவார்கள். அடியில் இருக்கும் சிவப்பு, பொன்னுக்கு வெதுவெதுப்பைக் கொடுக்கிறது. மொத்த வேலைக்கும் மாதக் கணக்காகும். அதில் பெரும்பங்கு காத்திருப்பு. கிண்ணத்தைத் தாங்கி நிற்பது உருஷி. பொன் அதன் தோல்மேல் நிற்கும் துகள்.

தெருவில் வந்த ஒட்டுக்காரர்

இது பிரபுக்களின் கிண்ணங்களுக்கு நடந்த கதை. சாமானியர் வீட்டுச் சோற்றுக் கிண்ணம் உடைந்தால்?

கிதாகாவா மொரிசாதா என்பவர் 1837 முதல் பல ஆண்டுகள் எதோ (இன்றைய தோக்கியோ), கியோத்தோ, ஒசாகா நகரங்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் போட்டுக் குறித்துவைத்தார். விற்பவர், கூலிக்காரர், தெருத் தொழிலாளி ஒருவரையும் விடவில்லை. அவர் எழுதியதிலிருந்து தெரிவது: முன்பெல்லாம் உடைந்த பீங்கானை உருஷியால்தான் ஒட்டினார்கள். கான்செய் காலத்தில், அதாவது 1789க்கும் 1801க்கும் இடையில், ‘யாகித்சுகி’ என்ற புது முறை வந்தது. கண்ணாடிப் பொடியைக் குழைத்து உடைசலில் தடவி, மீண்டும் சூட்டில் வைத்து எடுத்தால் பிடித்துக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதைச் செய்கிறவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். வீட்டு உடைசல்கள் அவர்கள் கைக்குப் போயின.

ஆனால் விலையுயர்ந்த பாத்திரங்களையும் தேநீர்க் கலங்களையும் மறுபடி சூட்டில் வைக்க யாரும் விரும்பவில்லை. அவற்றை உருஷியால் ஒட்டிப் பொன்பொடி இடுகிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். பொன் ஒட்டு தேநீர் அறையோடு இணைந்து நின்றதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமில்லை என்பதை இந்தச் சிறு குறிப்பு காட்டிவிடுகிறது. மென்மையான ராக்கு கிண்ணத்தை இன்னொரு முறை சுட்டால் அது பழைய கிண்ணமாக மிஞ்சாது.

மெய்ஜி காலத்தில் பிரபுக் குடும்பங்கள் நொடித்தன. பழைய கலங்கள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ரயில் பெட்டி செய்து பணக்காரரான சார்லஸ் லாங் ஃப்ரீர் 1895இல் முதன்முறை ஜப்பானுக்கு வந்தார். அவர் சேர்த்த தேநீர்க் கலங்களில் பொன் ஒட்டுப் போட்டவை பல. 1923இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஃப்ரீர் கூடத்தில் மேற்கு நாட்டார் அவற்றைக் கண்டார்கள். அங்கிருந்து அந்தக் கோடு உலகம் சுற்றப் புறப்பட்டது.

பொன்னைவிட அரிது

இன்று கின்ட்சுகி தன்னம்பிக்கைப் பேச்சுக்கு உவமை ஆகிவிட்டது. 2021இல் தோக்கியோ பாராலிம்பிக் நிறைவு விழாவிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். உடைந்த மனம் பொன்னால் சேரும் என்ற ஆறுதல் சிலருக்கு உதவினால் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கலையை வாழவைத்தது உவமை இல்லை. மரம் கீறியவரும், மாவு குழைத்தவரும், ஈர அலமாரிக்கு முன்னால் வாரக் கணக்கில் காத்திருந்தவரும்தான் வாழவைத்தார்கள்.

அந்த மரத்தின் நிலைமையைச் சொல்கிறேன். உருஷி மரம் பால் தரும் பருவத்துக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். ஜூன் முதல் இலையுதிர் காலம்வரை சில நாட்களுக்கு ஒருமுறை பட்டையைக் கீறிச் சொட்டுச் சொட்டாக வழித்தெடுப்பார்கள். ஒரு பருவம் முழுதும் ஒரு மரம் தருவது சுமார் 200 கிராம். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து துளிர்ப்பதை வளர்த்து மறுபடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி இன்று சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டுப் பாலில் பெரும்பங்கு இவாதே மாநிலத்தின் ஜோபோஜி என்ற ஒரே வட்டாரத்திலிருந்து கிடைக்கிறது. 2015இல் ஜப்பான் அரசு, தேசியச் செல்வங்களான கட்டடங்களைப் பழுது பார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தது. 2020இல் மரத்தாலான மரபுக் கட்டடங்களைக் காக்கும் திறன்களை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது உருஷிப் பால் எடுப்பதும் அதில் இடம்பெற்றது. கன்று நடும் வேலை அதன் பின் சூடுபிடித்திருக்கிறது. இன்று நட்ட கன்று பால் தர இன்னும் பத்தாண்டாவது ஆகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையச் சந்தையில் கின்ட்சுகிப் பெட்டி என்று விற்பவை பலவற்றில் இருப்பது எபாக்ஸிப் பசையும் பித்தளைப் பொடியும். அலமாரியில் வைக்கும் பொம்மைக்கு அது போதும். குடிக்கும் கிண்ணத்தை ஒட்டவேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். உருஷி என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள். ஒட்டிப் பார்ப்பதற்காக நல்ல கிண்ணத்தை வேண்டுமென்றே உடைக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: 1654இல் நாகசாகியில் வந்திறங்கிய சீனத் துறவி இன்கென், ஜப்பானின் தேநீர்ப் பழக்கத்தை மாற்றிய கதை.)